குழந்தை ஈரல் நோய்க்கு ஒரு நிபுணரை உருவாக்குவது எப்படி: யாழ்ப்பாணத்தில் தொடங்கி யாழ்ப்பாணத்துக்கே திரும்பும் பயிற்சி வழி

இலங்கையில் பிள்ளை பிறந்த கையோடு பி.சி.ஜி. போடப்படும். அடுத்த ஊசி இரண்டு மாதம் முடிந்த பிறகுதான். பிலியரி அட்ரீசியா என்ற நோயிலோ, ஈரலிலிருந்து பித்தத்தைக் கொண்டுபோகும் குழாய்கள் பிறந்த சில வாரங்களிலேயே தழும்பேறி மூடிக்கொள்கின்றன. அதற்குரிய, குடலை ஈரலோடு நேரே இணைக்கும் கசாய் சத்திரசிகிச்சையை 60 நாளுக்குள் செய்தால் பலன் நன்றாக இருக்கும். 100 நாள் தாண்டினால் வெகுவாகக் குறைந்துவிடும். ஊசி போட வரும்போது யாராவது கவனிக்கட்டும் என்று விட்டால், கவனிக்கிற அன்றைக்கே காலம் போயிருக்கும்.

குழந்தை ஈரல் நிபுணர் என்றதும் பலருக்கு ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சைக் கூடம்தான் நினைவுக்கு வருகிறது. யாழ்ப்பாணத்துக்குத் தேவைப்படும் நிபுணரின் வேலை பெரும்பாலும் அந்தக் கூடத்துக்கு வெளியேதான் நடக்கும். ஆறாவது வாரத்துக்குள் பிள்ளையைக் கண்டுபிடிப்பது, சரியான நிலையில் சரியான இடத்துக்கு அனுப்புவது, திரும்பி வந்த பிள்ளையை வளர்ந்து ஆளாகும்வரை பார்ப்பது என்ற மூன்றுமே அந்த வேலை. கீழே உள்ள வழிகாட்டி இந்தத் துறையில் போக எண்ணும் இளம் வைத்தியருக்கும், அவரைக் கைபிடித்து நடத்தவேண்டிய குழந்தை மருத்துவ நிபுணர்களுக்கும் உரியது.

முதலில் ஒரு கணக்கு. பிலியரி அட்ரீசியா ஐரோப்பாவில் 15,000 முதல் 20,000 பிறப்புக்கு ஒன்று. தாய்வான் போன்ற கிழக்காசிய நாடுகளில் இன்னும் கூட. ஏறத்தாழ 6 இலட்சம் மக்கள் வாழும் யாழ் மாவட்டத்தில் வருடத்துக்கு ஒரு பிள்ளை வந்தாலே அதிகம். இங்கிருந்துகொண்டே இந்த நோயில் கைதேர முடியாது. இங்கிலாந்தும் வேல்சும் 1999 இல் கசாய் சத்திரசிகிச்சையை லண்டன் கிங்ஸ் கொலிஜ், பேர்மிங்ஹாம், லீட்ஸ் ஆகிய மூன்றே நிலையங்களுக்குள் சுருக்கியதும் இதே காரணத்தால்தான்: வருடத்துக்கு ஒன்றிரண்டு மட்டும் செய்யும் இடங்களில் பலன் குறைவாக இருந்தது. ஆகவே கை பழகுவது வெளியூரில், கண் பழகுவது இங்கே என்று பயிற்சியைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

படி 1: அடித்தளத்தைக் குறுக்க வேண்டாம்

1978 இல் தொடங்கிய யாழ் மருத்துவபீடத்தில் எம்.பி.பி.எஸ். ஐந்து வருடம். பிறகு ஒரு வருட உள்ளகப் பயிற்சி. அதில் ஆறு மாதத்தைக் குழந்தை மருத்துவத்தில் எடுக்க வாய்ப்பிருந்தால் எடுங்கள். அதன்பின் கொழும்பிலுள்ள பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் தெரிவுப் பரீட்சை, குழந்தை மருத்துவ ரெஜிஸ்ட்ரார் பயிற்சி, எம்.டி. பரீட்சை, சீனியர் ரெஜிஸ்ட்ரார் காலம், வெளிநாட்டுப் பயிற்சி, கடைசியில் சபைச் சான்றிதழ். விதிகள் அவ்வப்போது மாறுவதால், விண்ணப்பிக்கும் வருடத்துக்குரிய நிறுவகக் கையேட்டை வாசிக்காமல் மூத்தவர் சொன்னதை வைத்துத் திட்டமிடாதீர்கள்.

எம்.பி.பி.எஸ். முடித்ததிலிருந்து எண்ணினால் பத்து வருடத்தைத் தொடும் பாதை இது. பொதுக் குழந்தை மருத்துவத்தை விரைந்து முடித்துவிட்டு ஈரலுக்குப் போய்விடலாம் என்று தோன்றும். ஈரல் நோயுள்ள பிள்ளை இறப்பது பெரும்பாலும் கிருமித்தொற்று, குருதிக்கசிவு, போசாக்கின்மை, மூளை வீக்கம் ஆகியவற்றால். இவற்றைக் கையாளப் பழகும் இடம் சாதாரண வார்டும், சிசுப் பராமரிப்புப் பிரிவும், குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவும். ரெஜிஸ்ட்ரார் காலத்தில் சிசுப் பிரிவில் கிடைக்கும் ஒவ்வொரு மாதமும் பிற்காலத்தில் உதவும்.

படி 2: மஞ்சள் பிள்ளையைப் பார்க்கும் ஒழுங்கு

இதை வெளியூர் போய்க் கற்க வேண்டியதில்லை. யாழ் போதனா வைத்தியசாலையிலும், பருத்தித்துறை, தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைகளிலும் முதல் நாளிலிருந்தே பழகலாம்.

விதி சுருக்கமானது. பிறந்து 14 நாளுக்குப் பிறகும் மஞ்சளாக இருக்கும் பிள்ளைக்கு குருதியில் மஞ்சள் நிறம் தரும் பிலிரூபினின் மொத்த அளவோடு, ஈரல் பதப்படுத்திப் பித்தத்தோடு வெளியேற்ற வேண்டிய டிரெக்ட் பிலிரூபினும் பார்க்க வேண்டும். தாய்ப்பால் மட்டும் குடித்து, மலமும் சிறுநீரும் இயல்பாக, நன்றாக நிறைகூடும் பிள்ளைக்கு மூன்றாவது வாரம்வரை பொறுக்கலாம். அதற்கு மேல் பொறுக்கக்கூடாது. டிரெக்ட் பிலிரூபின் டெசிலீற்றருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல், அதாவது லீற்றருக்கு 17 மைக்ரோமோலுக்கு மேல் இருந்தால் அது தாய்ப்பால் மஞ்சள் அல்ல. மொத்த அளவு 8, டிரெக்ட் 2 என்று வந்த அறிக்கையைப் பார்த்து “கூடுதலானது இன்டிரெக்ட்தானே” என்று வீட்டுக்கு அனுப்புவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. விகிதத்தைப் பார்க்காதீர்கள்; 1 என்ற எல்லையைப் பாருங்கள். பிலியரி அட்ரீசியாப் பிள்ளைகள் முதல் மாதத்தில் கொழுகொழுவென்று, நன்றாகப் பால் குடித்துக்கொண்டுதான் இருப்பார்கள். அந்தத் தோற்றம் வைத்தியரையும் ஏமாற்றும்.

மலத்தின் நிறத்தைத் தாயிடம் கேட்டால் மட்டும் போதாது. “மஞ்சளாத்தான் போகுது டொக்டர்” என்பார். வெளிறிய கிறீம் நிறத்தையும் மஞ்சள் என்றுதான் சொல்வார்கள். நாப்கினை வாங்கி, யன்னலோரப் பகல் வெளிச்சத்தில் நீங்களே பாருங்கள். டிரெக்ட் பிலிரூபின் கூடிய பிள்ளையின் சிறுநீர் கடும் மஞ்சள். அது நாப்கினில் ஊறினால் வெளிறிய மலத்தின் மேற்பரப்பும் மஞ்சளாகிவிடும். ஒரு குச்சியால் பிரித்து உள்ளே பார்க்க வேண்டும். சிசுவின் சிறுநீர் துணியில் கறையாகாமல் இருப்பதே இயல்பு என்பதையும் தாய்மாருக்குச் சொல்லிவையுங்கள்.

எங்கள் ஊரில் தாமதம் எங்கே நடக்கிறது என்பதையும் பயிலுநர் தெரிந்திருக்க வேண்டும். 31 ஆம் நாள் துடக்குக் கழியும்வரை தாயும் பிள்ளையும் வீட்டோடு. மஞ்சள் என்றால் “இளவெயில் காட்டு, போயிடும்” என்பது அம்மம்மாவின் முதல் மருந்து. சில வேளை வைத்தியரே அதைச் சொல்லி அனுப்புகிறார். இந்த நாட்களில் பிள்ளையைப் பார்ப்பவர் வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர்தான். அவரைப் பற்றி இறுதிப் படியில் விரிவாக வரும்.

டிரெக்ட் பிலிரூபின் உயர்ந்த அன்றே செய்ய வேண்டியவை: குருதி உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர்., குருதிச் சீனி, ஏ.எல்.ரி., ஜி.ஜி.ரி. என்ற ஈரல் என்சைம்கள், அல்புமின், தைரொயிட், சிறுநீர்த் தொற்றுப் பரிசோதனை, சிறுநீரில் ரிடியூசிங் பொருட்கள் (கலக்ரோஸ் போன்ற சர்க்கரைகள்). ஐ.என்.ஆர். நீண்டிருந்தால் விற்றமின் கே நாளவழி கொடுத்து, சில மணிநேரம் கழித்து மறுபடி பாருங்கள். சரியானால் பித்தம் குடலுக்கு வராததால் வந்த விற்றமின் குறைபாடு. சரியாகாவிட்டால் ஈரலே வேலை செய்யவில்லை. பிறந்தபோது விற்றமின் கே போட்டாயிற்று என்று இருந்துவிடாதீர்கள். பித்தத்தடையுள்ள பிள்ளை ஆறாவது எட்டாவது வாரத்தில் மூளைக்குள் குருதிக்கசிவோடு வந்து, பிறகே ஈரல் நோய் தெரியவருவதும் உண்டு.

நோயுற்ற, வாந்தியெடுக்கும், சீனி குறையும் சிசுவென்றால், பாலிலுள்ள கலக்ரோசை உடைக்க முடியாத கலக்ரோசீமியாவை நினையுங்கள். ஈ. கோலை கிருமி குருதியில் பரவும் செப்சிஸ் இதோடு சேர்ந்து வருவதுண்டு. சந்தேகித்த உடனேயே தாய்ப்பால் உட்பட லக்ரோஸ் உள்ள பாலை நிறுத்தி, சோயாப் பால் மாவு தொடங்க வேண்டும். என்சைம் பரிசோதனைக்கான குருதியைக் குருதி ஏற்றுவதற்கு முன்பே எடுங்கள். ஏற்றிய பின் எடுத்தால் கொடுத்தவரின் என்சைமைத்தான் அளப்பீர்கள்.

வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கானுக்கு முன் நான்கு மணிநேரம் பால் கொடுக்காமல், நாளத்தில் சேலைன் ஏற்றி அனுப்புங்கள். பால் குடித்துச் சுருங்கிய பித்தப்பையைப் பார்த்து “பித்தப்பை இல்லை” என்று எழுதப்படுவது வழக்கமான குழப்பம். பித்தப்பை தெரிவதால் நோய் இல்லை என்றும் ஆகாது. பித்தம் குடலுக்கு வருகிறதா என்று காட்டும் ஹைடா ஸ்கானுக்கு முன் ஐந்து நாள் பீனோபாபிற்றோன், ஒரு கிலோவுக்கு நாளுக்கு 5 மி.கி., கொடுப்பது வழக்கம். பிள்ளைக்கு ஏற்கெனவே 50 நாள் என்றால் அந்த ஐந்து நாளும் விலை அதிகம். நேரே ஈரல் துண்டு எடுத்துப் பார்க்கும் பயொப்சிக்கோ, சத்திரசிகிச்சைக் கூடத்தில் பித்தக்குழாய்க்குள் சாயம் செலுத்திப் படமெடுக்கும் கொலஞ்சியோகிராமுக்கோ போவதே அறிவு.

படி 3: எங்கே போய்ப் பழகுவது

நாட்டுக்குள் கொழும்பு லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை, 1895 இலிருந்து இயங்குவது, அரிய நோய்கள் அதிகம் வந்து சேரும் இடம். ராகமவிலுள்ள கொழும்பு வடக்கு போதனா வைத்தியசாலையின் ஈரல் பிரிவில் ஈரல் மாற்று நடக்கிறது. சீனியர் ரெஜிஸ்ட்ரார் காலத்தில் இந்த இரண்டு இடத்து ஆட்களோடும் முகம் பழகிக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் இரவு இரண்டு மணிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசியில் கேட்கும்போது, அறிந்த குரலுக்கு விரைவில் பதில் கிடைக்கும்.

வெளியே இரண்டு திசை உண்டு. பிரித்தானியாவில் குழந்தை ஈரல் வேலை மேலே சொன்ன அதே மூன்று நிலையங்களில்தான். வெளிநாட்டு வைத்தியருக்கான மெடிக்கல் ட்ரெயினிங் இனிஷியேற்றிவ் திட்டத்தில் அதிகபட்சம் 24 மாதம் இருக்கலாம். பிரித்தானியப் பொது மருத்துவ சபைப் பதிவுக்கு ஐ.ஈ.எல்.ரி.எஸ். ஆங்கிலப் பரீட்சையில் மொத்தம் 7.5, ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 7, அல்லது ஓ.ஈ.ரி. இல் எல்லாப் பகுதியிலும் பி தரம் கேட்பார்கள். பலர் எழுத்துப் பகுதியில் அரைப் புள்ளியால் தவறவிட்டு ஆறு மாதத்தை இழக்கிறார்கள். எம்.டி. பெறுபேறு வருமுன்பே இதை எழுதி முடிப்பது நல்லது. ஆனால் ஆங்கிலப் பெறுபேறு இரண்டு வருடத்தில் காலாவதியாகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இந்தியாவில் டில்லியிலுள்ள ஈரல் மற்றும் பித்த அறிவியல் நிறுவனம், ஐ.எல்.பி.எஸ்., குழந்தை ஈரல் மருத்துவத்தில் டி.எம். என்ற தனி மேல்நிபுணத்துவப் பட்டத்தையே நடத்துகிறது. லக்னோ எஸ்.ஜி.பி.ஜி.ஐ. குழந்தைக் குடல், ஈரல் துறைக்குப் பேர் போனது. சென்னையில் ஈரல் மாற்று நிலையங்கள் பல. மொழி நமக்குச் சொந்தம், பலாலியிலிருந்து விமானமும் உண்டு. நோயாளரின் தொகை பிரித்தானியாவைவிட எங்கும் அதிகம். 1998 இல் டில்லியில் இந்தியாவின் முதலாவது வெற்றிகரமான குழந்தை ஈரல் மாற்றைப் பெற்றது பிலியரி அட்ரீசியாவோடு பிறந்த காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்று. வயது 20 மாதம், ஈரல் கொடுத்தவர் தகப்பன்.

ஒரு எச்சரிக்கை. பார்வையாளராகப் போவதும் பயிலுநராகப் போவதும் வேறு வேறு. தேசிய மருத்துவ ஆணையத்தின் தற்காலிக அனுமதி இல்லாமல் இந்தியாவில் நோயாளியைத் தொட்டு வேலை செய்ய முடியாது. சுவரோரம் நின்று பார்க்கத்தான் முடியும். “எத்தனை பயொப்சி நான் செய்வேன், எத்தனை என்டோஸ்கொப்பி, இரவு ஒன்கோல் உண்டா, என் வேலைப்பதிவில் யார் கையெழுத்திடுவார்” என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிய பிறகே கொழும்புப் பட்டப்பின் நிறுவகத்திடம் அனுமதிக்குப் போங்கள். எங்கள் கருத்தில் சிறந்த கலவை, 12 மாதம் பிரித்தானியாவில், 6 முதல் 12 மாதம் இந்தியாவில். முதலாவதில் ஒழுங்கும் நீண்டகாலப் பராமரிப்பும் கிடைக்கும்; இரண்டாவதில் நோயாளர் தொகையும், கைச்செலவுக்கு ஏற்ற வைத்தியமும். விதிகள் இரண்டுக்கும் இடம்கொடுக்காவிட்டால் கைவேலை அதிகம் தரும் இடத்தைத் தெரிவுசெய்யுங்கள்.

படி 4: நிலையத்தில் கற்க வேண்டிய கைவேலை

ஈரல் பயொப்சி முதலில். முன்தினமே ஐ.என்.ஆர். 1.5 க்குக் கீழ், பிளேற்லெற் 60,000 க்கு மேல் என்று உறுதிசெய்யுங்கள். குருதி வகை பார்த்து வையுங்கள். ஸ்கானில் இடம் குறித்து, பித்தப்பையும் குடலும் வழியில் இல்லை என்று பார்த்த பிறகே ஊசி. வயிற்றில் நீர் நிறைய இருந்தாலோ, பித்தக்குழாய்கள் விரிந்திருந்தாலோ தோலூடாகக் குத்த வேண்டாம். துண்டு குறைந்தது 1.5 சென்ரிமீற்றர், பத்து போட்டல் ட்ராக்டாவது (குருதிக்குழாயும் பித்தக்குழாயும் சேர்ந்து ஓடும் இடம்) இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் நோயியல் நிபுணர் பித்தக்குழாய் குறைவு என்றோ, இல்லை என்றோ துணிந்து சொல்ல முடியாது.

துண்டை எதில் போடுவது என்பது குத்துவதற்கு முன் முடிவாக வேண்டும். ஃபோமலினில் போட்டுவிட்டால் உறைநிலை என்சைம் பரிசோதனை போச்சு. இலத்திரன் நுணுக்குக்காட்டிக்குக் குளுற்றரல்டிஹைட், வளர்சிதைமாற்றப் பரிசோதனைக்கு உடனே உறையவைத்த துண்டு, செம்பு அளக்கச் செம்பு கலவாத குப்பி. உடலில் செம்பு தேங்கும் வில்சன் நோயில் உலர்ந்த ஈரலில் கிராமுக்கு 250 மைக்ரோகிராமுக்கு மேல் செம்பு இருக்கும்.

செய்த பிறகு முதல் இரண்டு மணிநேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை நாடித்துடிப்பும் குருதியழுத்தமும், பிறகு இடைவெளியைக் கூட்டி, ஆறு மணிநேரமாவது படுக்கை. குருதிக்கசிவு பெரும்பாலும் இந்த முதல் மணிநேரங்களில்தான். பிள்ளைகளில் குருதியழுத்தம் கடைசியில்தான் விழும். துடிப்பு ஏறுவதும், தோள்மூட்டில் நோவென்று அழுவதும், முகம் வெளிறுவதும் அதற்கு முன் வரும். காலையிலேயே செய்யுங்கள், பின்னேரம் செய்த பயொப்சியின் சிக்கல் ஆட்கள் குறைந்த இரவில் வரும்.

பயொப்சி செய்வதைவிட வாசிப்பது பெரிய வித்தை. கிழமைக்கு ஒருநாள் நோயியல் நிபுணரோடு நுணுக்குக்காட்டி முன் உட்காருங்கள். முதல் மூன்று மாதம் ஒன்றும் விளங்காது. பிலியரி அட்ரீசியாவில் சிறு பித்தக்குழாய்கள் பெருகி, அவற்றுள் பித்த அடைப்புகள் தெரியும். ஐந்தாவது வாரத்துக்கு முன் எடுத்தால் அந்த உருவம் முழுமையாக வந்திராது. அப்படியானால் ஓரிரு கிழமையில் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.

என்டோஸ்கொப்பியில், உணவுக்குழாயில் வீங்கிய நாளங்களான வேரிசஸைக் கட்டுவது முக்கியம். 10 கிலோவுக்குக் குறைந்த பிள்ளையில் பான்ட் கட்டும் உபகரணம் தொண்டையால் இறங்காது. ஊசிமருந்து போடும் ஸ்கிளிறோதெரப்பியையும் கட்டாயம் பழகியிருக்க வேண்டும். குருதி வாந்தியோடு வரும் பிள்ளைக்கு முதலில் சுவாசவழி, பிறகு கசிவைக் குறைக்கும் ஒக்ரியோரைட் கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் ஆரம்ப அளவும், மணிக்கு அதே அளவு தொடர்ச்சியும், கூடவே அன்ரிபயோட்டிக். ஹீமோகுளோபின் 7 இலிருந்து 8 போதும். 11 க்கு ஏற்றினால், ஈரலுக்குக் குருதி கொண்டுவரும் போட்டல் நாளத்தின் அழுத்தம் கூடி மறுபடி கசியும். நிலைப்படுத்தாமல் என்டோஸ்கொப்பி மேசைக்குக் கொண்டுபோவது அனுபவமில்லாதவர் செய்யும் வேலை.

படி 5: திடீர் ஈரல் செயலிழப்பு

விற்றமின் கே கொடுத்தும் திருந்தாத ஐ.என்.ஆர். 1.5 அல்லது அதற்கு மேல், கூடவே மூளைப் பாதிப்பு. அல்லது மூளைப் பாதிப்பு இல்லாமலே 2 அல்லது அதற்கு மேல். இதுதான் குழந்தைகளுக்கான வரையறை. சிசுவின் மூளைப் பாதிப்பைக் கண்டுபிடிப்பது கடினம். ஓயாத அழுகை, பகலில் தூக்கம் இரவில் விழிப்பு, தாயின் முகத்தைப் பார்க்காமை போன்றவையே அடையாளம். “பிள்ளை வழமைபோல இல்லை” என்று தாய் சொன்னால் அதைக் குறிப்பில் எழுதுங்கள்.

யாழ்ப்பாணத்தில் காரணங்களைத் தேடும் ஒழுங்கு வயதோடு மாறும். முதல் மாதத்தில் ஹேர்பிஸ், கலக்ரோசீமியா, ரைரோசினீமியா, தாயின் எதிர்ப்பொருளால் கருவிலேயே வரும் ஈரல் அழிவு. ஹேர்பிஸ் இல்லை என்று உறுதியாகும்வரை அசைக்ளோவிர் கிலோவுக்கு 20 மி.கி. எட்டு மணிக்கொருமுறை. பள்ளிப் பிள்ளைகளில் ஹெபரைற்றிஸ் ஏ, டெங்கு, பரசிற்றமோல். டெங்குக் காய்ச்சலில் நாலு மணிக்கொருமுறை பாணி கொடுத்து, அதோடு குதவழி மாத்திரையும் வைத்து, பிள்ளையின் நிறையைப் பாராமல் கரண்டிக்கணக்கில் கொடுத்து வந்தவர்கள் பலர். சரியான அளவு ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 15 மி.கி., நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் இல்லை. நச்சளவு போயிருந்தால் என்-அசிற்றைல்சிஸ்ரீன்: கிலோவுக்கு 150 மி.கி. ஒரு மணிநேரத்தில், 50 மி.கி. நான்கு மணிநேரத்தில், 100 மி.கி. பதினாறு மணிநேரத்தில். நாட்டு மருந்து கொடுத்தீர்களா என்று அதட்டாமல் கேட்கப் பழகுங்கள். செங்கமாரிக்குக் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுக்காத வீடு குறைவு. எந்த இலை, எவ்வளவு, வேறு என்ன கலந்தது என்று தெரிந்தால்தான் பயன். அதட்டினால் எதையும் சொல்லமாட்டார்கள்.

மூன்று விடயத்தில் பயிலுநர்கள் தொடர்ந்து தவறுகிறார்கள். ஐ.என்.ஆர். உயர்ந்ததைப் பார்த்துப் பிளாஸ்மா ஏற்றுகிறார்கள்: கசிவு இல்லாவிட்டால், குத்தும் வேலை எதுவும் இல்லாவிட்டால் ஏற்றக்கூடாது, ஏனெனில் ஈரல் மீள்கிறதா என்று காட்டும் முக்கிய அளவுகோல் அந்த ஐ.என்.ஆர்.தான். குழம்பும் பிள்ளைக்குத் தூக்க மருந்து கொடுக்கிறார்கள்: சீனி குறைந்ததா, அமோனியா கூடியதா என்று தெரியாமலே மயக்கம் ஆழமாகும். அமோனியாக் குருதியை மேசையில் வைத்து ஊழியரைத் தேடுகிறார்கள்: பனிக்கட்டியில் வைத்து 15 நிமிடத்துக்குள் ஆய்வுகூடம் சேராவிட்டால் பெறுபேறு பொய்யாகக் கூடும்.

எப்போது அனுப்புவது? யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். அம்புலன்சில் ஏழெட்டு மணிநேரம். ஐ.என்.ஆர். 2 ஐத் தாண்டிய அன்றே ஈரல் மாற்று நிலையத்துக்கு அழைப்பு எடுங்கள். மயக்கம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மயக்கம் தொடங்கியிருந்தால் சுவாசக்குழாய் போட்ட பிறகே வண்டி புறப்பட வேண்டும். வவுனியா தாண்டி, வீதியோரத்தில் குழாய் போடும் நிலை வரக்கூடாது. குளுக்கோஸ் நிமிடத்துக்குக் கிலோவுக்கு 6 மி.கி. அளவில் தொடர, சீனியை மணிக்கொருமுறை பாருங்கள்.

படி 6: சாப்பாடு

வைத்தியர்கள் போசணை நிபுணரிடம் தள்ளிவிடும் பகுதி இது. பித்தத்தடையுள்ள பிள்ளைக்குச் சாதாரணத் தேவையின் 130 முதல் 150 வீதம் கலோரி வேண்டும். நிறையை நம்பாதீர்கள், வயிற்று நீரும் வீங்கிய ஈரலும் மண்ணீரலும் சேர்ந்து நிறையைக் கூட்டிக் காட்டும். மேற்கையின் நடுச் சுற்றளவும் தோல்மடிப்புத் தடிப்பும் மாதாமாதம் அளந்து வரைபில் குறியுங்கள். புரதத்தைக் குறைக்கும் பழைய வழக்கத்தை விடுங்கள்.

கொழுப்பில் ஒரு பங்கு எம்.சி.ரி. எனும் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பாக இருக்க வேண்டும். அது பித்தமில்லாமலே உறிஞ்சப்படும். “தேங்காயெண்ணெயும் எம்.சி.ரி. தானே” என்ற கேள்வி எங்கள் ஊரில் நிச்சயம் வரும். தேங்காயெண்ணெயில் ஏறத்தாழ பாதி லோரிக் அமிலம். அது பெரும்பாலும் நீள்சங்கிலிக் கொழுப்பைப் போலத்தான் உறிஞ்சப்படுகிறது. உண்மையான எட்டு, பத்துக் காபன் அமிலங்கள் அதில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான். கலோரிக்காகச் சோற்றில் ஒரு கரண்டி சேர்ப்பதில் தவறில்லை; மருந்தக எம்.சி.ரி. எண்ணெய்க்குப் பதிலாகாது.

செங்கமாரி என்றால் எண்ணெய், மீன், முட்டை எல்லாம் நிறுத்திப் பத்தியம் பிடிக்கும் வழக்கம் நாட்பட்ட ஈரல் நோயுள்ள பிள்ளையை மெலிய வைத்துவிடும். தாயிடம் மட்டும் சொல்லிப் பயனில்லை. சமையலை நடத்தும் அம்மம்மாவையும் கிளினிக்குக்குக் கூப்பிடுங்கள். விற்றமின் ஏ, டி, ஈ, கே நான்கும் கொடுக்க வேண்டும், அளவும் பார்க்க வேண்டும்.

படி 7: ஈரல் மாற்றுக்கு முன்னும் பின்னும்

சத்திரசிகிச்சையைச் செய்பவர் வேறு. ஈரல் மருத்துவர் கற்க வேண்டியது, எப்போது பட்டியலில் சேர்ப்பது, எப்படித் தயார்ப்படுத்துவது, பிறகு என்ன பார்ப்பது. கசாய் செய்து மூன்று மாதத்தில் பிலிரூபின் 2 மி.கி. க்குக் கீழ் இறங்காவிட்டால் மாற்று பற்றிய பேச்சை அன்றே தொடங்குங்கள். குடும்பத்தில் கொடுப்பவரைத் தேர்ந்து, பணம் திரட்டி, கடவுச்சீட்டு எடுக்க மாதங்கள் போகும். சிறு பிள்ளைக்குப் பெரியவரின் ஈரலின் இடது ஓரப் பகுதி, இரண்டாம் மூன்றாம் துண்டங்கள், போதும். தாய் கொடுத்தால் தகப்பன் வேலைக்குப் போவாரா, மூத்த பிள்ளையை யார் பார்ப்பது என்பதெல்லாம் மருத்துவக் கேள்விகளே.

உயிர்த் தடுப்பூசிகளை மாற்றுக்கு முன் முடிக்க வேண்டும். பின்னர் பொதுவாகக் கொடுக்க முடியாது. எம்.எம்.ஆர். வழமையாக ஒன்பதாம் மாதம். மாற்று அதற்குமுன் வருமென்றால் ஆறாம் மாதத்திலேயே கொடுக்கலாம். ஊசிக்கும் மாற்றுக்கும் இடையில் நான்கு வாரம் இருக்க வேண்டும். ஈரல் நோய் என்பதால் ஊசியைத் தள்ளிப்போடும் உள்ளூர் வழக்கம் பிள்ளைக்கு நேரடியான கெடுதல்.

பிறகு, புதிய ஈரலை உடல் நிராகரிக்காமல் காக்கும் ரக்ரோலிமஸ். குருதி, காலை மருந்து குடிக்குமுன் எடுக்க வேண்டும். மருந்து குடித்துவிட்டு வந்த பிள்ளையின் பெறுபேறு பயனற்றது. தொண்டை நோவுக்கு யாராவது கிளாரித்ரோமைசின் எழுதினால் ரக்ரோலிமஸ் அளவு ஏறிச் சிறுநீரகம் கெடும். காசநோய்க்கு ரிஃபம்பிசின் தொடங்கினால் அளவு விழுந்து ஈரல் நிராகரிக்கப்படும். பம்பளிமாசும் ஏற்றும். வீட்டு முற்றத்தில் மரம் நின்றால் சொல்லிவையுங்கள்.

பதின்வயதினர் மாத்திரையை விட்டுவிடுவது தனிப் பாடம். 12 வயதிலிருந்தே கிளினிக்கில் கொஞ்ச நேரம் பெற்றோர் இல்லாமல் பேசுங்கள், மருந்தின் பெயரை அவர்களே சொல்லட்டும்.

படி 8: ஊர் திரும்பிய பிறகு

பயிற்சி வீணாகும் இடம் இதுவே. திரும்பி வந்தவரைப் பொது வார்டு விழுங்கிவிடும். முதல் ஆறு மாதத்துக்குள் கிழமைக்கு ஒரு பின்னேரமாவது தனி ஈரல் கிளினிக் எழுத்தில் பெற வேண்டும். நோயாளர் பதிவேடு ஒன்றை முதல் நாளிலேயே தொடங்குங்கள்: பிறந்த திகதி, மஞ்சளை முதலில் பார்த்தவர், டிரெக்ட் பிலிரூபின் பார்த்த நாள், அனுப்பிய நாள், சத்திரசிகிச்சை நாள். தாமதம் வீட்டிலா, ஆதார வைத்தியசாலையிலா, ஸ்கான் வரிசையிலா என்று மூன்று வருடத்தில் அதுவே காட்டிக்கொடுக்கும்.

ஆய்வுகூடத்தோடு பேசி, 14 நாளுக்கு மேற்பட்ட சிசுவின் பிலிரூபின் கோரிக்கை எது வந்தாலும் டிரெக்ட் அளவையும் தாமாகவே செய்யும் ஒழுங்கை ஏற்படுத்துங்கள். செலவு மிகக் குறைவு. வேறெந்த மாற்றத்தையும்விட பலன் அதிகம். குருதிக் குப்பியை வெளிச்சத்திலிருந்து மறைத்து அனுப்பச் சொல்லுங்கள்.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளோடு சேர்ந்து குடும்பநல உத்தியோகத்தர்களுக்கு மல நிற அட்டை கொடுங்கள். தாய்வான் 2004 இல் இதை நாடு முழுவதும் கொண்டுவந்து, 60 நாளுக்குள் கசாய் செய்யப்படும் பிள்ளைகளின் பங்கைக் கூட்டியது. அட்டையை வீட்டு அச்சுப்பொறியில் எடுக்காதீர்கள். மை மாறினால் வெளிறிய நிறம் மஞ்சளாகிவிடும். பயிற்சி ஒரு மணிநேரம் போதும். ஒரே கட்டளை: மூன்றாம் நான்காம் வார வருகையில் பிள்ளை மஞ்சளாக இருந்தாலோ, மலம் வெளிறியிருந்தாலோ அன்றே அழைப்பு. அழைப்புக்கு ஒரே எண், எப்போதும் யாரோ எடுக்கும் எண். நெடுந்தீவில் இருந்து வரும் தாய்க்குப் படகு நேரமும் பார்த்து, குறிகட்டுவானுக்கு வந்திறங்கும் அதே நாளில் குருதியும் ஸ்கானும் முடிய ஏற்பாடு வேண்டும்; இரண்டாவது முறை வரச்சொன்னால் ஒரு கிழமை போய்விடும்.

கசாய் முடிந்து வந்த ஒவ்வொரு பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டின் முன்பக்கத்தில் ஒட்டும் தாளில் இவ்வளவும் இருக்க வேண்டும்: “காய்ச்சல் 38 பாகைக்கு மேல் அல்லது மலம் மறுபடி வெளிறினால் இது கொலஞ்சைற்றிஸ் (பித்தக்குழாய்த் தொற்று) என்று கொள்ளவும். குருதி வளர்ப்புக்கு எடுத்தபின் நாளவழி அன்ரிபயோட்டிக் உடனே தொடங்கவும். வாய்வழி மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பவேண்டாம்.” கீழே கிளினிக்கின் எண், அனுமதிக்கும் வார்டின் எண், பிள்ளையின் கடைசி நிறை, ஒவ்வாமை. தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அச்சிடுங்கள். காய்ச்சல் வரும்போது பிள்ளை அனுராதபுரத்தில் ஒரு உறவினர் வீட்டிலும் இருக்கலாம்.